குண்டுக் குழல் பதினாறு, ஒல்லிக் குழல் இருபத்திநாலு

காவல்துறைத் தலைமையகத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால், ஆயுதக் கிடங்கு என்று பலகை மாட்டிய ஓர் அறை உண்டு. அதில் முப்பத்தோரு வருடமாக உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் குண்டண்ணன் என்று கூப்பிட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அந்தப் பேரைக் கேட்டுக்கொண்டு கீழே வந்து, ஜன்னல் கம்பிக்குள் எட்டிப் பார்த்து, "குண்டண்ணன் இல்லீங்களா?" என்று அவரிடமே கேட்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. ஆள் அவ்வளவு ஒல்லி. இடுப்பு வாரில் ஆணியால் குத்தி மூன்று ஓட்டை கூடுதலாகப் போட்டு வைத்திருந்தார்.

பேர் உடம்பைப் பார்த்து வந்ததல்ல, பேச்சைக் கேட்டு வந்தது. அந்தக் கிடங்கில் நாற்பது ரிவால்வர்கள் இருந்தன. நாற்பதும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், எல்லாவற்றிலும் ஆறு குண்டு. வித்தியாசம் குழலில் மட்டும்தான். முதலில் வாங்கிய இருபத்திநாலுக்கும் குழல் அடியில் தடித்து நுனிக்குப் போகப் போக மெலியும். பின்னால் வாங்கிய பதினாறுக்கும் அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமன். துறையில் மெலிந்ததை டேப்பர் பேரல் என்பார்கள், தடித்ததை ஹெவி பேரல் என்பார்கள். இவர் ஒல்லிக் குழல், குண்டுக் குழல் என்பார். தராசில் வைத்தால் இரண்டுக்கும் ஒரு சோப்புக் கட்டி எடை வித்தியாசம் வரும். அந்த ஒரு சோப்புக் கட்டியைத்தான் மனிதர் முப்பத்தோரு வருடம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒல்லிக் குழல் சுட்டதும் வாயைத் தூக்கும். குண்டுக் குழல் தூக்காது. நுனியில கனம் இருக்குல்ல, அது அடக்கி வைக்கும். வாயைத் தூக்காம இருக்கறதுதான் துப்பாக்கிக்கும் அழகு, மனுஷனுக்கும் அழகு" என்பார். இதைச் சொல்ல ஆரம்பித்தால் அரை மணி நேரத்துக்கு அவர் வாய் மூடாது.

காவலர்களுக்கு வாயைப் பற்றி அக்கறையில்லை, இடுப்பைப் பற்றித்தான் அக்கறை. பகல் முழுக்க வெயிலில் நிற்கிறவனுக்கு ஒரு சோப்புக் கட்டி கூடுதல் கனம் என்பது சாயங்காலம் தெரியும். "அண்ணே, ஒல்லி ஒண்ணு குடுங்கண்ணே, இடுப்பு விட்டுப்போகுது" என்று காலையில் ஜன்னலுக்கு வெளியே நின்று கெஞ்சுவார்கள். கெஞ்சினால் கிடைக்காது. பிடித்தவர்களுக்கு, பொறுப்பானவர்கள் என்று அவருக்குத் தோன்றியவர்களுக்குக் குண்டு. பிடிக்காதவர்களுக்குத் தண்டனையாக ஒல்லி. இது அவர் வகுத்த நீதி. விவரமானவர்கள் சீக்கிரமே இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வந்ததும், "குண்டுக் குழலெல்லாம் ஒரு துப்பாக்கியாண்ணே, உலக்கையாட்டம்" என்பார்கள். அவருக்கு முகம் சுண்டிப்போகும். ஓர் ஒல்லியை எடுத்து மூஞ்சியில் அடிக்காத குறையாக நீட்டுவார். வாங்கிக்கொண்டு சிரித்தபடி போவார்கள். அவரை உண்மையாகவே மதித்த நாலைந்து அப்பாவிகள் மட்டும் வருடக்கணக்கில் குண்டைச் சுமந்து, முதுகுவலிக்கு டாக்டர் டாக்டராக அலைந்தார்கள்.

இத்தனைக்கும் அந்த நாற்பதில் ஒன்றுகூட ஒரு மனிதனைப் பார்த்து வெடித்ததில்லை. வருடத்துக்கு ஒரு தடவை பயிற்சித் திடலில் அட்டை மனிதனைச் சுடுவார்கள். அவன் ஓடமாட்டான், ஒளியமாட்டான், திருப்பிச் சுடமாட்டான். அப்படியும் பாதிப் பேர் அவனை விட்டுவிட்டுப் பக்கத்து அட்டையைத் துளைப்பார்கள். ஒரு தடவை ஒருவர் துப்பாக்கியைத் துடைக்கும்போது கை தவறித் தரை துடைக்கும் வாளியைச் சுட்டுவிட்டார். குண்டண்ணன் கேட்ட முதல் கேள்வி, "ஒல்லிதானே?" என்பது. ஒல்லிதான். துளை விழுந்த அந்த வாளியைப் பல வருடம் ஆதாரமாகக் கிடங்கு மூலையில் வைத்திருந்தார்.

இந்தப் பித்து எங்கிருந்து பிடித்தது என்றால், அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிது. அதுவரை திடலில் அவர் சுட்டதெல்லாம் பின்னாலிருந்த மண்மேட்டில்தான் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கை உதற, வரிசையில் நின்றார். அப்போதைய கிடங்குக்காரர் ஒரு ரிவால்வரை அவர் கையில் வைத்து, "குண்டா இருக்கு, பார்த்துப் பிடி" என்றாராம். இவரும் பார்த்துப் பிடித்தார். ஆறுக்கு ஆறு, அட்டை மனிதனின் நெஞ்சில். தம்ளர் அளவில் ஒரு கோப்பை கொடுத்தார்கள். அது இன்றுவரை அவர் மேசைமேல் இருக்கிறது, அதில் பேனாக்கள் நிற்கின்றன. "ஒல்லியில ஒரு நாளாவது ஒண்ணு விழுந்துச்சா? குண்டு கைக்கு வந்துச்சு, ஆறும் விழுந்துச்சு. இதுக்கு மேல என்னய்யா அத்தாட்சி வேணும்?" என்பார். அதன்பிறகு கிடங்கு வேலையை ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். கிடங்குக்காரர் திடலில் சுட வேண்டியதில்லை என்பது துறையின் விதி. ஆறுக்கு ஆறைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது அவருடைய விதி.

அதே வருடம் கல்யாணப் பேச்சும் வந்தது. பெண் கொஞ்சம் குண்டு என்று உறவுக்காரர்கள் இழுத்தார்கள். இவர், "கனமா இருந்தா ஆடாது, வாயும் தூக்காது" என்று சொல்லி உடனே சம்மதித்துவிட்டார். முதல் பாதி பலித்தது. இரண்டாம் பாதி பலிக்கவில்லை. அந்த அம்மாள் வீட்டில் தையல் மெஷின் போட்டுத் துணி தைக்கிறவர். மெஷின் நின்றால் வாய் ஓடும், வாய் நின்றால் மெஷின் ஓடும், பல நாள் இரண்டும் சேர்ந்தே ஓடும். புருஷனின் நடை, உடை, குறட்டை எதையும் விட்டுவைக்காமல் கேலி பேசுகிறவர், குண்டுக் குழலை மட்டும் ஒருநாளும் கேலி பேசியதில்லை. கட்டியவர் தன்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதானே.

குண்டண்ணனுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. கிடங்கின் இருப்பேட்டில் "ரிவால்வர் - 40" என்று ஒரே வரியாக எழுதியிருந்தது. குண்டையும் ஒல்லியையும் ஒரே கூடையில் போட்ட அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். இரண்டாகப் பிரித்து எழுதக் கோரி மேலே பதினொரு மனு அனுப்பினார். பதில் வரவில்லை. ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது, இனி எல்லா ஏடுகளும் மக்கள் பேசும் மொழியில் இருக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. ஏடுகளைப் புதிதாக எழுத வேண்டும், பட்டியலை அனுப்புங்கள் என்றார்கள். இவருக்குக் கொண்டாட்டம். ஒரு தாளில் "ஹெவி பேரல் - 16, டேப்பர் பேரல் - 24" என்று முத்து முத்தாக எழுதி அனுப்பினார். ரிவால்வர் என்ற வார்த்தையை எழுதவே இல்லை. மறந்துபோய் விட்டதல்ல. ஆயுதக் கிடங்கில் வேறென்ன இருக்கப்போகிறது, குழல்தானே விஷயம் என்று விட்டது.

அந்தத் தாள் மாடியில் மொழிபெயர்ப்பு மேசைக்குப் போயிற்று. அங்கே உட்கார்ந்திருந்தவன் வேறு யாருமில்லை, இவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. துப்பாக்கியைப் படத்தில் பார்த்ததோடு சரி. அவன் அகராதியைப் புரட்டினான். பேரல் என்றால் பீப்பாய் என்று போட்டிருந்தது. ஹெவி என்றதும் கனரக வாகனம் ஞாபகம் வந்தது. "கனரகப் பீப்பாய் - 16, கூம்புப் பீப்பாய் - 24" என்று எழுதிக் கீழே கையெழுத்துக்கு அனுப்பினான். குண்டண்ணன் அதைக் கையில் வாங்கி, பதினாறு மேலே இருக்கிறதா, இருபத்திநாலு கீழே இருக்கிறதா என்று பார்த்தார். குண்டுக்கு முதலிடம் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் எழுத்தைப் படிக்காமலே கையெழுத்தைப் போட்டார்.

ஒரு வருடம் ஒன்றும் ஆகவில்லை. ஓய்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, இருப்புச் சரிபார்க்கும் அதிகாரி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். கையில் ஏடு, காதில் பென்சில், அந்த வாரத்தில் அவர் பார்க்க வேண்டிய அலுவலகங்கள் இன்னும் பதினாலு.

குண்டண்ணனுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் இதுவரை ஒரு சிவப்பு மைக் குறிப்புகூட இல்லை. மெமோ இல்லை, விசாரணை இல்லை, கண்டிப்பு இல்லை. அப்படியே சுத்தமாக வெளியே போய்விட வேண்டும். விசாரணை நிலுவையில் இருக்கிறவரைத் துறை வெளியே விடாது, விட்டாலும் நல்ல பேரோடு விடாது. அதனால் ஒரு வாரமாகக் கிடங்கைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். நாற்பதும் எண்ணெய் மினுங்கக் கொக்கிகளில் தொங்கின.

"கனரகப் பீப்பாய் பதினாறு. காட்டுங்க" என்றார் அதிகாரி.

"எது மேடம்?"

அவர் ஏட்டைத் திருப்பிக் காட்டினார். குண்டண்ணன் முதல்முறையாகத் தன் கையெழுத்துக்கு மேலே இருந்ததைப் படித்தார். கொக்கியிலிருந்து ஒரு குண்டுக் குழலை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுதான் மேடம் ஹெவி பேரல்."

"இது துப்பாக்கி."

"துப்பாக்கியோட பேரல் மேடம். இந்தக் குழல் இருக்கே, மத்ததைவிட ஒரு சோப்புக் கட்டி கனம்..."

"எனக்குப் புரியுதுங்க. ஏட்டுக்குப் புரியணும்ல. இதுல துப்பாக்கின்னு எங்க இருக்கு, காட்டுங்க."

காட்ட முடியவில்லை. அதிகாரி பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார். ஏட்டில் உள்ள கனரகப் பீப்பாய் பதினாறு, நேரில் இல்லை. ஏட்டில் உள்ள கூம்புப் பீப்பாய் இருபத்திநாலு, நேரில் இல்லை. நேரில் உள்ள ரிவால்வர் நாற்பது, ஏட்டில் இல்லை. ஏட்டில் இல்லாத நாற்பது துப்பாக்கியைப் பூட்டி வைத்திருப்பவனைச் சட்டம் எந்தப் பேரில் கூப்பிடும் என்று குண்டண்ணனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துறையில் இத்தனை காலம் இருந்தவர்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் மேல எழுதல. அதுக்குள்ள சரிபண்ணுங்க" என்றார் அவர். நல்ல மனுஷி என்றுதான் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் வீட்டில் மச்சினனை வரவழைத்து உட்கார வைத்தார். தையல் மெஷின் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் மாப்ளே, பீப்பாய்னு எழுதும்போது, ஆயுதக் கிடங்குல பீப்பாய் எதுக்குன்னு உனக்குத் தோணவே இல்லையா?"

"தோணுச்சு மாமா. எண்ணெய் கிண்ணெய் ஊத்தி வைப்பாங்கன்னு நினைச்சேன்."

"துப்பாக்கிக் குழாயும் பேரல்தான்னு அகராதியில போடலையா?"

"ரெண்டாவதா போட்டிருந்தான். எனக்கு நாலாயிரம் ஏடு மாமா. ரெண்டாவது அர்த்தமெல்லாம் பாத்துட்டிருந்தா நான் ஓய்வு பெத்துடுவேன். ஆமா, நீங்க படிச்சுப் பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

மெஷின் நின்றது. "அவர் எங்கடா படிச்சாரு? குண்டு மேல இருக்கா, ஒல்லி கீழ இருக்கான்னு பாத்திருப்பாரு" என்றார் மனைவி. கட்டியவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மெஷின் மறுபடி ஓடியது. குண்டண்ணனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது, யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அதிகாரியே ஒரு வழி கொண்டுவந்தார். தலைமை ஏட்டில் "ரிவால்வர் - 40" என்ற பழைய வரி இன்னும் அடிக்கப்படாமல் கிடக்கிறது. புதிய இரண்டு வரிகளையும் ரத்து செய்து அந்தப் பழைய வரியில் சேர்த்துவிடலாம். இரண்டு பொருளை ஒன்றாகச் சேர்க்க ஒரே ஒரு தாள் வேண்டும். வேறுபாடின்மைச் சான்று என்று பேர். டைப் அடித்தே எடுத்து வந்திருந்தார். மேற்படி இரு பொருள்களுக்கும் எவ்வித வேறுபாடும் இல்லை, இரண்டும் ஒன்றே என்று சான்றளிக்கிறேன். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"போட்டுடுங்க. அரை நிமிஷ வேலை. பீப்பாயும் போச்சு, விசாரணையும் போச்சு" என்றார்.

குண்டண்ணன் கோப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கோட்டின்மேல் வைத்தார். இரண்டும் ஒன்றே என்ற இடத்திலேயே கண் நின்றது. பேனாவை மறுபடி கோப்பையில் போட்டார்.

"இது பொய் மேடம். ரெண்டும் ஒண்ணு கிடையாது."

"ஒரு சோப்புக் கட்டி வித்தியாசம்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க."

"சோப்புக் கட்டிதான். ஆனா அதுலதான் ஆறுக்கு ஆறு இருக்கு." கோப்பையைத் தூக்கிக் காட்டினார். காதில் பஞ்சு அடைத்தது, கை உதறியது, கிடங்குக்காரர் குண்டா இருக்கு பார்த்துப் பிடி என்றது, எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். குண்டண்ணனின் சர்வீஸ் புத்தகம். விசாரணை என்று வந்தால் பார்க்க வேண்டியிருக்கும் என்று தலைமை அறையிலிருந்து வாங்கி வந்திருந்தார். ஓரம் பழுத்துப்போன ஒரு பக்கத்தை விரித்து வைத்தார்.

"அன்னைக்குத் திடல்ல எழுதின சீட்டு இதுல ஒட்டியிருக்கு. ஆறுக்கு ஆறுன்னு போட்டிருக்கு. துப்பாக்கி நம்பரும் போட்டிருக்கு. பதினேழு."

பதினேழு. ஒன்றிலிருந்து இருபத்திநாலு வரை ஒல்லி, இருபத்தைந்திலிருந்து நாற்பது வரை குண்டு. பிடியின் அடியில் வெள்ளைப் பெயிண்டால் இருந்த அந்த எண்களை மங்க மங்கத் திரும்ப எழுதியவரே இவர்தான். எழுந்து போய்ப் பதினேழாம் கொக்கியிலிருந்து அதை எடுத்தார். இத்தனை வருடம் பிடிக்காதவர்கள் மூஞ்சிக்கு நேராக நீட்டிய துப்பாக்கி. வாளியைச் சுட்டதும் இதுதான். நுனி மெலிந்து, ஒரு பாவமும் அறியாததாக அவர் உள்ளங்கையில் கிடந்தது.

"குண்டா இருக்குன்னுதான் மேடம் சொன்னார். என் காதால கேட்டேன்."

"காதுலதான் பஞ்சு இருந்துச்சே. 'குண்டு இருக்கு, பார்த்துப் பிடி'ன்னு சொல்லியிருப்பார். குண்டு போட்ட துப்பாக்கியைக் கையில குடுக்கும்போது வேற என்ன சொல்லுவாங்க?"

குண்டண்ணன் உட்கார்ந்துவிட்டார். அவமானமாக இருந்தது. ஒரு பஞ்சு உருண்டையை நம்பி எத்தனை பேர் இடுப்பை ஒடித்தோம் என்று நினைத்தபோது, முதுகுவலிக்கு அலைந்த அந்த நாலைந்து பேரின் முகம் வரிசையாக வந்தது. அதிகாரி சான்றுத் தாளை அவர் பக்கமாக மெல்ல நகர்த்தினார்.

குண்டண்ணன் நிமிர்ந்தார். "தப்புதான் மேடம். இத்தனை வருஷமா தப்பாவே சொல்லிட்டேன்."

"பரவால்ல. போடுங்க."

"ஒல்லிதான் ஒசத்தி."

"என்னது?"

"ஒல்லிக் குழல்தான் ஒசத்தி. ஆறுக்கு ஆறு ஒல்லியில விழுந்ததுதானே? நுனியில கனம் இல்லாததால கை களைக்காது, குறி தப்பாது. இப்பதான் புரியுது. யார் கேட்டாலும் சொல்றேன். ஆனா ரெண்டும் ஒண்ணுன்னு மட்டும் எழுத மாட்டேன்."

அதிகாரி சர்வீஸ் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வருவேன். பீப்பாய் இருக்கணும், இல்லேன்னா கையெழுத்து இருக்கணும்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினார்.

பீப்பாயைக் காட்டியவன் மச்சினன்தான். தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்கிறேன் என்று கிளம்பிவிட்டான். போக்குவரத்துப் பிரிவின் பின்முற்றத்தில் சாலையை மறிக்க வைக்கும் இரும்பு டிரம்கள் கிடந்தன. சிவப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்து, காற்றுக்கு விழாமலிருக்க உள்ளே மணல் நிரப்பியவை. "இதைவிடக் கனரகம் எங்க மாமா கிடைக்கும்? நாலு பேர் சேர்ந்தாத்தான் அசையும்" என்றான். பக்கத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் ரப்பர் கூம்புகள் அடுக்கி இருந்தன. ஏட்டில் கூம்பு என்றுதானே இருக்கிறது. போக்குவரத்துப் பிரிவின் ஏட்டில் எல்லாவற்றையும் சேர்த்துத் தடுப்புகள் என்று ஒரே வார்த்தையில் எழுதியிருந்தார்கள். அங்கே எதுவும் குறையாது, இங்கே எதுவும் மிஞ்சாது.

குண்டண்ணன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மணல் டிரம்களை உருட்டிவந்து கிடங்கில் வரிசை வைத்தார். வாசல்படியில் ஏற்றும்போது ஒன்று காலில் ஏறியது, அதற்கும் முனகவில்லை. பதினாறு டிரமிலும் இருபத்திநாலு கூம்பிலும் வெள்ளைப் பெயிண்டால் எண் போட்டார். கிடங்கில் நிற்க இடமில்லை. ரிவால்வர்களை ஒரு மரப்பெட்டியில் போட்டு மேசைக்கு அடியில் தள்ளினார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே போக வழியில்லை. பென்சிலால் காற்றில் எண்ணினார். பதினாறு. இருபத்திநாலு.

"இது ரோட்டுல வைக்கிற கூம்பு."

"கூம்புப் பீப்பாய் மேடம்" என்றார் குண்டண்ணன், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

"இதெல்லாம் ஆயுதம்னு எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

"போடறேன் மேடம்."

போட்டார். கை உதறவே இல்லை. மணல் நிரப்பிய டிரம்மும் ரப்பர் கூம்பும் காவல்துறையின் ஆயுதங்கள் என்று தெளிவாக எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டார். அதிகாரிக்குப் பார்க்க வேண்டிய அலுவலகங்கள் இன்னும் பாக்கி இருந்தன. ஏட்டில் இருப்பது தரையில் இருக்கிறது, அவர் வேலை முடிந்தது. மேசைக்கு அடியிலிருந்த நாற்பதையும் புதிய வரவு என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னார். "இந்தத் தடவையாவது துப்பாக்கின்னு எழுதுங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

எழுதத்தான் எழுதினார்கள். குண்டண்ணன் மச்சினனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், "அகராதியைத் தொடாதே மாப்ளே. நாம பேசறபடி எழுது." அவனும் பேசுகிறபடியே எழுதினான். ஒல்லித் துப்பாக்கி - 24, குண்டுத் துப்பாக்கி - 16. குண்டண்ணன் வாங்கிப் பார்த்தார். ஒல்லி மேலே, குண்டு கீழே. கையெழுத்துப் போட்டார்.

ஓய்வு பெற்றார். சிவப்பு மை படாத சர்வீஸ் புத்தகம், ஒரு சுவர்க் கடிகாரம், மேலதிகாரியின் பேச்சு. முப்பத்தோரு வருடம் நம் பீப்பாய்களைக் கண்ணின் இமையாகக் காத்தவர் என்று அவர் தாளைப் பார்த்துப் படித்தார். கூட்டம் கைதட்டியது. பதில் பேச எழுந்த குண்டண்ணன் ஒல்லிக் குழலின் பெருமையைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். முதுகுவலிக்காரர்கள் இரண்டு பேர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி கடைசிவரை கேட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அம்மாள் வாய் அப்படி மூடியிருந்ததை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை.

எட்டு மாதம் கழித்து ஒருநாள் காலை, துறையிலிருந்து அவர் பேருக்கு ஒரு கடிதம் வந்தது. கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தவரிடமிருந்து வாங்கி மனைவியே படித்தார்.

"ஏட்டின்படி தங்கள் பொறுப்பில் இருந்த குண்டுத் துப்பாக்கிகள் பதினாறையும் சரிபார்த்ததில் எதிலும் குண்டு இல்லை. ஒன்றுக்கு ஆறு வீதம் தொண்ணூற்றாறு குண்டுகள் எங்கே என்றும், மற்ற இருபத்திநாலும் ஒல்லியாகும் அளவுக்குப் பராமரிப்பின்றி விடப்பட்டது ஏன் என்றும் ஏழு நாளைக்குள் விளக்கம் தரவும். தவறினால் விசாரணை..." அதற்குமேல் அந்த அம்மாளால் படிக்க முடியவில்லை. சிரிப்பு.

குண்டண்ணன் சிரிக்கவில்லை. சுத்தமாக வெளியே வந்தோம் என்று எட்டு மாதம் நிம்மதியாகத் தூங்கியது இதற்குத்தானா என்று நினைத்தார். தாளை எடுத்துத் தையல் மெஷின் பலகைமேல் வைத்து எழுத ஆரம்பித்தார். ஐயா, குண்டு என்றால் பருமன் என்று பொருள். எழுதிவிட்டு நிறுத்தினார்.

மனைவி எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாற்காலி ஒரு தடவை முனகியது.

"அவங்களுக்கு அப்புறம் எழுதுங்க. முதல்ல எனக்கு ஒரு பதில் சொல்லுங்க. மேடை போட்டு ஒல்லிதான் ஒசத்தின்னு இருபது நிமிஷம் பேசினீங்களே. கனமா இருந்தா ஆடாதுன்னு என்னைக் கட்டிக்கிட்டீங்க. இப்பச் சொல்லுங்க, குண்டு நல்லதா, ஒல்லி நல்லதா?"

அவர் மனைவியைப் பார்த்தார். கழுத்தில் அளவு நாடா, விரலில் ஊசி, கண்ணில் கொஞ்சமும் கேலி இல்லை. எட்டு மாதமாக இந்தக் கேள்வியை மடித்து உள்ளே வைத்திருந்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

மனைவி எழுந்து மெஷினுக்குப் போய் ஊசியில் நூலைக் கோத்தார்.

"இதை அன்னைக்கு அந்தப் பொண்ணு நீட்டின தாள்ல எழுதியிருக்கலாம்ல" என்றார்.